டச் பார்க்கும் ஒளி

கோயம்புத்தூர் பெரிய கடை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை. உள்ளே மைக்ரோவேவ் அடுப்பு அளவில் ஒரு பெட்டி, ஒரு கணினி, ஒரு தராசு. வெளியே பெஞ்சில் நான்கைந்து பத்தர்கள் மடித்த காகிதப் பொட்டலங்களோடு காத்திருக்கிறார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்துகொண்டேன்.

"டச் பாக்கோணுங்க" என்று முறை வந்தவர் பொட்டலத்தை நீட்டுகிறார். தங்கத்தின் தரத்துக்கு இங்கே பெயர் டச். உரைகல்லில் தேய்த்துப் பார்த்த பழக்கத்திலிருந்து வந்த சொல். இந்தப் பெட்டிக்குள் நகையை எதுவும் தேய்ப்பதில்லை. ஆனாலும் சொல் அப்படியே நிலைத்துவிட்டது.

இயந்திரத்தைக் கையாளும் இளைஞர் செயினை உள்ளே வைத்து மூடுகிறார். திரையில் கேமரா காட்டும் கண்ணிகள் பெரிதாகத் தெரிகின்றன. பற்று வைத்த இடத்தைத் தவிர்த்து, நடுவில் ஒரு கண்ணியைக் குறிவைக்கிறார். பெரியவர் ஒருவர் மூடிப் பக்கம் கையைக் கொண்டுபோக, "கொஞ்சம் பொறுங்கய்யா, தொறந்தா நின்னுபோகும்" என்கிறார். பெட்டி நகைமேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சுகிறது. மூடி திறந்தால் அது தானே நின்றுவிடும். கை நீட்டுகிறவரின் உடம்புக்கு அதுதான் காவல்.

மூடி மூடியிருக்கும் அரை நிமிடத்தில் நடப்பது இது. எக்ஸ் கதிர் பட்டதும் தங்க அணுவின் உள்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் தெறித்து வெளியேறுகிறது. காலியான இடத்துக்கு மேல்கூட்டிலிருந்து இன்னொன்று இறங்குகிறது. இறங்கும்போது மிஞ்சிய ஆற்றல் புதிய எக்ஸ் கதிராக வெளியே வருகிறது. அந்த ஆற்றலின் அளவு தனிமத்துக்குத் தனிமம் மாறும். செம்புக்கு 8.05 கிலோ எலக்ட்ரான் வோல்ட், தங்கத்துக்கு 9.71, வெள்ளிக்கு 22.16. திரையில் ஒவ்வொன்றும் ஒரு கூம்பாக எழுகிறது. எந்த இடத்தில் எழுகிறது என்பது தனிமத்தின் பெயரைச் சொல்லும். எவ்வளவு உயரம் என்பதை வைத்துக் கணினி அளவைக் கணக்கிடும்.

தனிமங்களின் எக்ஸ் கதிர்களில் உள்ள இந்த ஒழுங்கை வகுத்துக் காட்டியவர் இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லி. 1914இல் அவர் வெளியிட்ட ஆய்வு அலுமினியத்தில் தொடங்கித் தங்கத்தில் முடிகிறது. அடுத்த ஆண்டு முதல் உலகப் போரில், கலிப்போலி களத்தில் இறந்தபோது அவருக்கு வயது 27. அந்தச் சந்தில் சோதனை முடிவுச் சீட்டு அச்சாகி வெளியே வந்த ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த வயதுதான் நினைவில் ஓடியது.

மூடிப் பக்கம் கை நீட்டிய பெரியவருக்குச் செல்வபுரத்தில் பட்டறை. அன்று மாலை அங்கே போனேன். நெருப்பு வைக்கும் உமி ஓட்டுக்குப் பக்கத்தில் கறுப்பாக, வழவழப்பாக ஓர் உரைகல். என் முன்னால் இரண்டு கோடு இழுத்தார். ஒன்று தரம் தெரிந்த தங்கம், மற்றொன்று அவர் உருக்கியது. "எது மட்டம், சொல்லுங்க." எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. அவர் கல்லை ஜன்னல் பக்கம் சாய்த்தார். "இது கொஞ்சம் செவந்திருக்கு பாருங்க. செம்பு கூடிப்போச்சு."

அவர் கண்ணும் ஒளியைத்தான் அளக்கிறது. பெட்டி அணுவின் உள்கூட்டை விசாரிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் நிறமோ வெளிப்பக்க எலக்ட்ரான்களின் வேலை. தங்கம் நீல ஒளியை விழுங்கிவிட்டு மஞ்சளையும் சிவப்பையும் திருப்பி அனுப்புகிறது. வெள்ளி விழுங்குவது புற ஊதாவில், நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில். அதனால் அது வெள்ளையாகத் தெரிகிறது. வெள்ளி கூடினால் கோடு வெளிறும், செம்பு கூடினால் சிவக்கும். இரண்டையும் சேர்த்துக் கலந்து கண்ணை ஏமாற்ற முடியும். அதற்குத்தான் ஒரு சொட்டு நைட்ரிக் அமிலம். மட்டமான கோடு அதில் கரைந்து மங்கும்.

பேச்சு, நகைத் துண்டுகளை ஒட்டவைக்கும் பற்றுப்பொடிக்குத் திரும்பியது. பழைய பொடியில் செம்பும் வெள்ளியும் இருக்கும். நகையை உருக்கினால் மொத்தத் தரம் இறங்கும். அதற்கு மாற்றாக வந்தது காட்மியம் கலந்த பொடி, அதாவது கேடிஎம். காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். தங்கம் உருகுவதோ 1064 டிகிரியில். நகையின் தரம் காப்பாற்றப்பட்டது. ஆவி ஊதுகிறவர் நெஞ்சுக்குள் போனது. அது நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பெரியவர் அதிகம் பேசவில்லை. பக்கத்து ஓட்டில் உட்கார்ந்து ஊதிய தம்பி இப்போது இல்லை என்று மட்டும் சொன்னார். இன்று நகையில் காட்மியம் இருந்தால் அந்தப் பெட்டியில் 23 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில், வெள்ளியை ஒட்டித் தனிக் கூம்பு எழுந்துவிடும். நகை வாங்குகிறவருக்காக வைத்த சோதனை பத்தரின் நுரையீரலுக்கும் பயன்படுகிறது. இந்த இயந்திரத்தின் மிகப் பெரிய நன்மையாக நான் இதையே கருதுகிறேன்.

ஆனால் ஒளி ஆழமாகப் போகாது. தங்கத்துக்குள்ளிருந்து திரும்பி வரும் எக்ஸ் கதிர் சுமார் பத்து மைக்ரான் தடிமனுக்குள் உள்ளதைத்தான் சொல்லும். ஒரு தலைமுடியின் தடிமன்கூட அதைப் போல் பல மடங்கு. டங்ஸ்டன் கட்டிமேல் கனமாகத் தங்கம் பூசினால் பெட்டி அதைச் சுத்தத் தங்கம் என்றே காட்டும். டங்ஸ்டனின் அடர்த்தி தங்கத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போவதால், நீரில் அமிழ்த்தி எடைபோட்டாலும் பிடிபடாது. இரிடியம் தூளைக் கலப்பவர்களும் உண்டு. அதன் கூம்பு தங்கத்தின் கூம்பை ஒட்டியே எழும். கருவி கூர்மையாக இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகக் கலந்து தெரியும்.

ஆகவே ஹால்மார்க் மையங்களில் கடைசித் தீர்ப்பு நெருப்புக்கு. 2021 ஜூன் 16 முதல் படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமானது. 2023 ஏப்ரல் முதல் ஆறு எழுத்து அடையாள எண் இல்லாத ஹால்மார்க் நகையை விற்க முடியாது. அந்த எண்ணைப் பொறிப்பதும் ஒளிதான், லேசர்.

ஒரு மையத்தின் உலை அறையில் வேலை செய்யும் பெண்ணோடு அரை நாள் நின்றேன். நகையிலிருந்து சுரண்டிய 250 மில்லிகிராம் தங்கத்தோடு வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுருட்டி, மக்னீசியாக் கிண்ணத்தில் வைத்து உலைக்குள் தள்ளினார். உள்ளே ஆயிரம் டிகிரிக்கு மேல். ஈயமும் செம்பும் ஆக்ஸைடாகிக் கிண்ணத்துக்குள் ஊறிவிடுகின்றன. தங்கமும் வெள்ளியும் மணியாக உருண்டு நிற்கின்றன. ஆறியதும் மணியைத் தட்டித் தகடாக்கி, உருளையில் கொடுத்து மெலிதாக்கி, பாய் போலச் சுருட்டி, நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தார். வெள்ளி கரைந்துபோனது.

மிஞ்சிய சுருளைக் கண்ணாடிக் குடுவையில் காட்டினார். காப்பிப் பொடி நிறம். "இதா தங்கம்?" என்று கேட்டுவிட்டேன். வெள்ளி போன இடமெல்லாம் நுண்ணிய துளைகள். ஒளி அதற்குள் நுழைந்து சிக்கிக்கொள்வதால் மஞ்சள் தெரிவதில்லை. "மறுபடி சுட்டா வந்துருங்க" என்றார். சிறிய பீங்கான் கிண்ணத்தில் வைத்து மீண்டும் உலைக்கு. சில நிமிடம் கழித்து இடுக்கியால் வெளியே எடுத்தார். துளைகள் அடைந்து சுருள் சுருங்கியிருந்தது. சிவந்திருந்தது ஆற ஆற மஞ்சளானது. முழுதாக ஆறும்வரை தராசுப் பக்கம் போகவில்லை. பிறகு கதவடைத்த தராசில் வைத்து, எண் அசையாமல் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துப் பார்த்திருந்துவிட்டு, நோட்டில் எழுதினார்: 229.1.