நாலாவது படிக்கிறான்

ஜூன் 22, 2022

எங்கள் மாலை வகுப்புக்குப் புதிதாக வந்த நாலாவது படிக்கும் பையன் தமிழ்ப் பாடத்தை மளமளவென்று வாசித்தான். ஓரிடத்திலும் தடங்கல் இல்லை. ஆனால் வாய் மூன்றாவது வரியில் இருக்க, விரல் ஐந்தாவது வரியில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த பாடத்தைத் திறந்து கொடுத்தேன். "அத இன்னும் மிஸ் நடத்தலக்கா" என்றான். வகுப்பே சேர்ந்து சத்தமாகச் சொன்ன பாடம்தான் அவனுக்கு வரும். கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்ளும் காது. அந்தக் காதுதான் இத்தனை நாள் அவனை யார் கண்ணிலும் படாமல் காப்பாற்றியிருக்கிறது.

ஜூன் 23

பிரதம் அமைப்பு 2005-லிருந்து நடத்திவரும் அசர் ஆய்வில் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் முறை எளிதானது. எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. பிள்ளை எதில் நிற்கிறதோ அதுதான் அதன் இடம். அதைப் பார்த்து நானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். படம், மரம், காகம் வந்தன. 'மேகம்' வரவில்லை. 'கொடி'யில் உதட்டைக் கடித்தான். பத்தியைக் கண்டதும் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

காரணம் தேட வேண்டியதில்லை. இவன் ஒன்றாம் வகுப்பு முடிப்பதற்குள், 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். சின்ன வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1-ல். இரண்டாம் வகுப்பு முழுதும் வீட்டோடு போயிற்று. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது உண்மைதான். இருட்டோடு உப்பளத்துக்குப் போகிற வீட்டில் பிள்ளையை அதன் முன்னால் உட்காரவைக்க யார் இருந்தார்கள்?

இந்த விடுபட்ட படிப்புக்காகவே அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இந்த மாதம் 13-ம் தேதி தொடங்கியிருக்கிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் அது 1 முதல் 3-ம் வகுப்பு வரைதான். இவன் நாலாவது. ஒரே ஒரு வகுப்பில் தப்பிப்போனது. மிச்சம் இருப்பது எங்கள் இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்பு. இந்தத் திட்டத்தை முதலமைச்சர் 2021 அக்டோபர் 27-ல் தொடங்கிவைத்தது எங்கள் மரக்காணம் ஒன்றியத்தில்தான், முதலியார்குப்பத்தில்.

ஜூலை 1

அவன் அம்மா வந்தார். "ஏம்மா, நாலாவது படிக்கிற புள்ளைக்கு ஒண்ணாவது புக்க குடுத்து உக்கார வச்சிருக்கியாமே? பாக்குற சனம் சிரிக்காதா?"

கோபம் நியாயமானதுதான். இறக்கிவிட்டால்தான் ஏற முடியும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எல்லார் எதிரிலும் இறக்கப்படுகிறவன் அவனல்லவா?

ஜூலை 4

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரை அவன் பொறுப்பில் விட்டேன். தினமும் அவர்களுக்கு ஒரு குட்டிக் கதை வாசித்துக் காட்ட வேண்டும். அதற்காக முன்கூட்டியே என்னிடம் வந்து அந்தக் கதையை எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொள்வான். இப்போது அது வாத்தியார் வேலைக்கான தயாரிப்பு. வேறு யாரும் கையில் எடுக்காதபடி அந்தக் கதைப் புத்தகங்களைத் தனியே எடுத்துவைத்துக்கொள்கிறான்.

ஜூலை 12

தமிழில் 247 எழுத்து என்று பயமுறுத்துகிறோம். 216 உயிர்மெய்யையும் பிள்ளை தனித்தனியாக மனப்பாடம் செய்வதில்லை. குறிகளைப் பிடித்தால் போதும். கால் இவனுக்கு வந்துவிட்டது, ஏனென்றால் அது எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது. கொம்புதான் சிக்கல். 'கெ'யில் கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது ககரத்தை. 'கொ'வில் முன்னால் கொம்பு, பின்னால் கால், இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி. உகர வரிசையோ இன்னொரு மாதிரி: கு, பு, து மூன்றும் மூன்று வடிவம்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் க, ம, ப, த எழுதி வெட்டினேன். கொம்பும் காலும் தனித் துண்டுகள். நடுவில் 'ம' வைத்து அவனையே துண்டுகளைச் சேர்த்து, எடுத்து, சொல்லிப் பார்க்கவிட்டேன். ம, மா, மெ, மொ. வகுப்பு முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

ஜூலை 28

மாமல்லபுரத்தில் நடக்கவிருக்கும் செஸ் ஒலிம்பியாட்டுக்கு இன்று சென்னையில் தொடக்க விழா. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக, வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' நிற்கிறான். பையன் ஓடி வந்தான்: "அக்கா, செஸ்! அது செஸ்னு போட்டிருக்கு!" யாரும் சொல்லிக்கொடுக்காத சொல்லை, கொம்போடு, தானாக வாசித்திருக்கிறான். 'ஒலிம்பியாட்' மட்டும் 'ஒலி' வரைதான் வந்ததாம்.

ஆகஸ்ட் 19

எழுத்துக்கூட்டி வாசிப்பவனுக்கு வாக்கியம் முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகிறது. அதனால் புதிதாக அள்ளிக் கொடுப்பதில்லை. ஒரே பத்தியை அடுத்தடுத்த நாளும் வாசிக்கிறோம். முதல் நாள் எழுத்து தெரியும், மறுநாள் சொல் தெரியும், அதற்குப் பிறகுதான் கதை தெரிகிறது. தடுமாறும்போது நான் சொல்லை எடுத்துக் கொடுப்பதில்லை, காத்திருக்கிறேன். இதுதான் எனக்குக் கடினம்.

இன்று அவன் சொன்னதை அவன் பேச்சிலேயே எழுதிக் கொடுத்தேன்: 'அம்மா பாத்தியில உப்பு வாருது. ஆயா கருவாடு காயவைக்குது.' சிரித்துக்கொண்டே வாசித்தான். வீட்டில் காட்ட வேண்டுமென்று தாளை மடித்து எடுத்துப் போனான்.

அக்டோபர் 12

காலாண்டுத் தேர்வில் பெரிய மதிப்பெண் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. இரண்டாம் வகுப்புக் கதையை இப்போது தனியாக வாசித்து, என்ன நடந்தது என்று கேட்டால் சொல்கிறான். நாலாம் வகுப்பு அறிவியல் புத்தகம் இன்னும் கனம்தான். ர, ற இடம் மாறுகிறது. ஆனால் பாராத பக்கத்தைக் கொடுத்தால் தண்ணீர் குடிக்கப் போவதில்லை.

ஜூன் 19, 2023

ஐந்தாம் வகுப்புக்குப் போயிருக்கிறான். இந்தக் கல்வியாண்டு முதல் எண்ணும் எழுத்தும் 4, 5-ம் வகுப்புகளுக்கும் விரிந்திருக்கிறது. நல்ல செய்தி, ஒரு வருடம் தாமதம். இவனைப் போலத் தப்பிப்போனவர்கள் ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திட்டம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதை விட்டு, பள்ளியில் இன்னும் நடத்தாத ஒரு பாடத்தை வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறதோ அங்கிருந்து, நாலு பேர் சிரிக்காத இடத்தில், தினம் அரை மணி நேரம் உட்காருங்கள். பன்னிரண்டாவது படித்தவர் யாரானாலும் இதைச் செய்யலாம்.