ஆச்சிக்கு ஒரு தலையணை

காஷுவால்டியில தினமும் தையல் போடுற கை என்னோடது. துணியில ஒரு நேர்த்தையல் போட அதுக்கு மூணு ஞாயிற்றுக்கிழமை ஆச்சு. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

எங்க ஆச்சிக்கு 84 வயசு. குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டாங்க. பெரும்பாலும் படுக்கைதான். பத்து நாள் கழிச்சு லீவு கிடைச்சு ஊருக்குப் போனேன். போர்வையை விலக்கிப் பார்த்தா இடது குதிகால்ல எட்டணா அளவுக்குச் சிவப்பு. விரலால அழுத்திப் பார்த்தேன். வெளுக்கல.

அழுத்தும்போது வெளுத்து, விட்டதும் சிவந்தா அவ்வளவா பயமில்லை. அழுத்தியும் வெளுக்கலைன்னா அது படுக்கைப் புண்ணோட முதல் படி. ஆச்சி நல்ல நிறம், அதனால கண்ணுக்குத் தெரிஞ்சுது. நம்மள்ல பல பேரோட தோல்ல சிவப்பு அப்படித் தெரியாது. சுத்தி இருக்கற தோலை விட கருத்து, சூடா, கெட்டியா இருக்கான்னு தொட்டுத்தான் பார்க்கணும்.

வார்டுல கூட இருக்கறவங்ககிட்ட "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைங்க, குதிகாலைப் பாருங்க"ன்னு தினமும் சொல்றவ நான். என் வீட்டுல அதை ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அம்மாவுக்குத் தெரியும்னு நானே நினைச்சுக்கிட்டேன்.

அப்பவே பழைய போர்வை ஒண்ணை மடிச்சு, கெண்டைக்கால் முழுக்கத் தாங்குற மாதிரி நீளவாக்குல வெச்சோம். குதிகால் எதுமேலயும் படாம அந்தரத்துல நிக்கணும். ஒரு தாளை அடியில விட்டா தடையில்லாம இந்தப் பக்கம் வந்துடணும். குதிகாலுக்கு நேர் அடியிலயே தலையணை வெச்சா பிரயோஜனம் இல்லை. சிவந்த இடத்தைத் தேய்ச்சு விடவும் கூடாது.

வைத்தியம் அவ்வளவுதான். ஆனா எனக்கு மனசு ஆறல. ஆச்சியோட டிரங்குப் பெட்டியில நாற்பது வருஷத்து வெட்டுத்துணி மூட்டை ஒண்ணு உண்டு. ரவிக்கை தைச்ச மிச்சம், கிழிஞ்ச சட்டை, என் பாவாடை எல்லாம் அதுக்குள்ள கிடக்கும். ஒரு இலவம்பஞ்சுத் தலையணைக்கு அதுலயே உறை தைச்சு, போர்வைக்குப் பதிலா காலுக்கு வெக்கலாம்னு உட்கார்ந்தேன்.

முதல் தடவை தைக்கறவங்க பருத்தித் துணியை மட்டும் எடுங்க. பட்டும் பாலியஸ்டரும் கையில நிக்காம வழுக்கும். எல்லாத்தையும் ஒரு தடவை நனைச்சுக் காயப் போட்டு, இஸ்திரி போட்டுட்டு வெட்டுங்க. நான் நனைச்சதுல ஒரு சிவப்புத் துண்டு பக்கெட் தண்ணியையே குங்குமமா மாத்திடுச்சு. தைச்ச பிறகு சாயம் போயிருந்தா எல்லாம் வீண்.

தினசரி காலண்டர் அட்டையில 5 இன்ச் சதுரம் ஒண்ணு வெட்டி, அதை வெச்சுக் கோடு போட்டு 24 துண்டு. வரிசைக்கு 4, மொத்தம் 6 வரிசை. எல்லாப் பக்கமும் கால் இன்ச் விட்டுத் தைச்சா ஒவ்வொரு சதுரமும் நாலரை இன்ச்சா நிக்கும். உறை 18க்கு 27 இன்ச் வரும், சாதாரணத் தலையணைக்குச் சரியா இருக்கும்.

இங்கதான் என் படிப்பு காலை வாரிடுச்சு. தோலைத் தைக்கும்போது விளிம்பு ரெண்டும் லேசா வெளியே நிமிர்ந்து சேரணும், உள்ளே சுருண்டா சரியா ஆறாது. துணிக்கு நேர் எதிர். நல்ல பக்கம் ரெண்டையும் முகத்தோட முகம் வெச்சு, விளிம்பு உள்பக்கம் மறையற மாதிரி தைக்கணும். பழக்கதோஷம், முதல் வரிசை முழுக்க விளிம்பை வெளியே விட்டுத் தைச்சுட்டேன். அம்மா பார்த்துட்டு "அஞ்சரை வருஷம் இதைத்தான் படிச்சியா?"ன்னாங்க. பிரிச்சேன்.

வரிசைகளைச் சேர்க்கறதுக்கு முன்னாடி தையல் மடிப்பை இஸ்திரியால படிய வையுங்க. ஒரு வரிசைக்கு வலப்பக்கம், அடுத்ததுக்கு இடப்பக்கம். அப்பதான் மூலைகள் தடிக்காம ஒண்ணோட ஒண்ணு உட்காரும். அப்புறம் ஒட்டுத்துணிக்கு அடியில ஒரு பழைய துண்டு, அதுக்கும் அடியில பழைய வேட்டி. மூணையும் ஊசி குத்தி நிறுத்திட்டு, கையாலயே ஓட்டுத் தையல் போட்டேன். நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்குப் போங்க. நான் ஓரத்துல ஆரம்பிச்சேன், நடுவுல துணி கொப்புளம் மாதிரி எழும்பிடுச்சு. ரெண்டாவது ஞாயிறு அதைப் பிரிக்கறதுலயே போச்சு.

வீடியோவுல நடுவுல அழகா ஒரு பட்டன் வெக்கிறாங்க. படுக்கையில இருக்கறவங்களுக்கு அது வேண்டவே வேண்டாம். பட்டன், ஜிப், முடிச்சு, தடிச்ச தையல் எல்லாமே தோலை அழுத்தும். பின்பக்கத்துக்கு வேட்டித் துணியில 18.5க்கு 17 இன்ச்ல ரெண்டு துண்டு. ஒவ்வொண்ணுலயும் ஒரு 18.5 இன்ச் ஓரத்தை மடிச்சு அடிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு நாலரை இன்ச் ஏறி நிக்கற மாதிரி தைச்சா ஜிப்பே தேவையில்லை. தோல் படவேண்டியது இந்த வழவழப்பான பக்கம்தான்.

மூணாவது ஞாயிறு முடிச்சேன். கோடு அங்கங்க கோணல். அதுக்குள்ள குதிகால் சிவப்பும் மறைஞ்சிருந்தது. ஆச்சி தலையணையை மடியில வெச்சு ஒவ்வொரு கட்டமா தடவிப் பார்த்தாங்க. "இது உன் பத்தாங்கிளாஸ் பாவாடைல்லா... இது உங்கம்மா வளைகாப்பு ரவிக்கை..." ஒரு நீலக்கோடு போட்ட துண்டுல விரல் நின்னுடுச்சு.

நான் போர்வையை எடுத்துட்டு அவங்க காலைத் தூக்கப் போனேன். கையைத் தட்டி விட்டாங்க.

"ஏட்டி, தாத்தா சட்டை மேல காலை வைக்கச் சொல்லுதியா?"

எனக்கு அது தோணவே இல்லை.

தலையணை இப்ப ஆச்சி தலைமாட்டுல, நீலக்கோடு கன்னத்துப் பக்கம் வர்ற மாதிரி இருக்கு. வழவழப்பான பக்கத்தை மேல திருப்பி வெச்சா, அவங்களே மாத்தி வெச்சுக்கறாங்க. காலுக்கு அந்தப் பழைய போர்வைதான். போன் பண்ணும்போதெல்லாம் அம்மாகிட்ட முதல் கேள்வி: "குதிகாலைப் பார்த்தியாம்மா?"