எல் பாசோ: முதலில் கதவைத் திறந்த ஊர்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், மேற்குக் கோடியில், பாலைவன மலைகளுக்கு நடுவே பூட்டான் நாட்டு மடாலயங்களைப் போல ஒரு பல்கலைக்கழகம் நிற்கிறது என்றால் நம்புவீர்களா? அடியில் அகன்று, மேலே போகப் போக உள்வாங்கும் கனத்த சுவர்கள். வெயிலுக்குக் குடை பிடித்தாற்போல் வெளியே நீளும் கூரைகள். சுவரின் உச்சியில் செங்கல் நிறப் பட்டை. அதில் வட்ட வட்டமாக மண்டலக் கோலங்கள். நேரில் பார்க்கும்போதுகூட, யாரோ படப்பிடிப்புக்காகப் போட்ட செட் போலத்தான் முதலில் தோன்றுகிறது.

இந்த வினோதத்துக்குக் காரணம் ஒரு பத்திரிகை. 1914 ஏப்ரலில் வெளிவந்த நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் பூட்டானின் கோட்டைகளும் மடாலயங்களும் படங்களோடு வந்திருந்தன. அதே ஆண்டில்தான் எல் பாசோ நகரில் சுரங்கத் தொழில் கற்பிக்கும் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. 1916இல் தீ விபத்து ஏற்பட்டு, கல்லூரி புதிய இடத்துக்கு மாறியது. அப்போது முதல்வரின் மனைவி கேத்லீன் வொரல், "நம் மலைகளுக்கு இந்தப் பாணி பொருந்துமே" என்ற யோசனையை முன்வைத்தார். அது அப்படியே நிலைத்துவிட்டது. வளாகத்தின் நடுத்திடலில் இப்போது உண்மையான பூட்டான் கோயில் ஒன்றும் இருக்கிறது. 2008இல் வாஷிங்டனில் நடந்த கலை விழாவுக்காகப் பூட்டான் கைவினைஞர்கள் உருவாக்கிய அந்த லாக்காங், பின்னர் இந்தப் பல்கலைக்கழகத்துக்கே அன்பளிப்பாக வந்து சேர்ந்தது.

நகரின் மையத்திலிருந்து வளாகத்துக்கு அந்தக் காலத்து டிராம் வண்டியிலேயே போகலாம். மேட்டில் ஏறி நின்று தெற்கே பார்த்தால் ரியோ கிராண்டே ஆறு. பெயர்தான் பெரிய ஆறு. இந்த இடத்தில் பெரும்பாலும் கான்கிரீட் கால்வாய்க்குள் ஒல்லியாக ஓடுகிறது. அக்கரையில் மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெஸ் நகரம். ஜொகூர் பாருவுக்கும் உட்லண்ட்ஸுக்கும் நடுவில் இருக்கும் நீரைவிட இந்த ஆறு குறுகலானது. காலையில் எல்லைப் பாலத்தில் வரிசை பிடித்து, கடப்பிதழைக் காட்டிவிட்டு வகுப்புக்கு வரும் மாணவர்கள் இங்கே உண்டு. கடற்பாலத்தில் காத்துக் காத்து வேலைக்குப் போகும் நம்மவர்களுக்கு அந்த அலுப்பைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆனால், அமெரிக்க விளையாட்டு ரசிகர்களுக்கு எல் பாசோ என்றால் பூட்டானோ பாலமோ நினைவுக்கு வராது. கூடைப்பந்துதான் வரும். அதுவும் ஒரே ஓர் ஆட்டம்.

72க்கு 65

டெக்சஸ் வெஸ்டர்ன் கல்லூரி என்பது அப்போது இதன் பெயர். 1955இல் கறுப்பின மாணவர்களுக்குக் கதவைத் திறந்தது. அந்த நாளில் தென் மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றின் அணிகளில் ஒரு கறுப்பினத்தவரைக்கூடப் பார்க்க முடியாது. 1961இல் டான் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் பயிற்றுநராக வந்தார். அதுவரை உயர்நிலைப்பள்ளி அணிகளைப் பயிற்றுவித்தவர். கல்லூரியிடம் பணம் குறைவு. அதனால் மாணவர் விடுதியையும் மேற்பார்வையிட்டுக்கொண்டு, குடும்பத்தோடு விடுதியிலேயே குடியிருந்தார்.

நாட்டின் மறுகோடியில் இருக்கும் இந்த வெயில் ஊருக்குப் பெரிய நட்சத்திரங்கள் யார் வருவார்கள்? அதனால் மற்றவர்கள் கண்ணெடுத்தும் பார்க்காத இளைஞர்களைத் தேடிப் பிடித்தார்கள். நியூயார்க்கின் பிராங்ஸிலிருந்து மூவர், இண்டியானாவின் இரும்பாலை நகரமான கேரியிலிருந்து இருவர், டெட்ராய்ட் பக்கமிருந்து ஒருவர், ஹூஸ்டனிலிருந்து ஒருவர். ஏழு பேருமே கறுப்பினத்தவர்.

1966 மார்ச் 19. மேரிலேண்ட் பல்கலைக்கழக அரங்கில் தேசிய இறுதி ஆட்டம். எதிரே கென்டக்கி: அதற்கு முன்பே நான்கு முறை வாகை சூடிய அணி, அடால்ஃப் ரப் என்ற புகழ்பெற்ற பயிற்றுநர், முழுக்க முழுக்க வெள்ளையர் அணி. பின்னாளில் பெரிய பயிற்றுநராகப் பெயரெடுத்த பேட் ரைலி அன்று கென்டக்கிக்காக ஆடினார். டெக்சஸ் வெஸ்டர்ன் அணியில் வெள்ளையரும் மெக்சிகோ வம்சாவளியினர் ஒருவரும் இருந்தனர். ஆனால் அன்று களமிறங்கிய ஏழு பேரும் கறுப்பினத்தவர்.

கென்டக்கியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க, ஐந்தடி ஆறங்குல உயரமே உள்ள வில்லி வோர்ஸ்லியை ஹாஸ்கின்ஸ் தொடக்கத்திலேயே இறக்கினார். பாபி ஜோ ஹில் சில விநாடிகளுக்குள் எதிரணியிடமிருந்து இரண்டு முறை பந்தைத் தட்டிப் பறித்துக் கூடையில் போட்டார். அங்கேயே ஆட்டத்தின் போக்கு மாறியது. கூடைகள் எண்ணிக்கையில் கென்டக்கிதான் முன்னணி, 27க்கு 22. தவறாட்டத்துக்குக் கிடைக்கும் தனி வீச்சுகளில் 34இல் 28ஐ உள்ளே போட்டு எல் பாசோ வென்றது. 72–65. அந்தப் பருவத்தில் 28 வெற்றி, ஒரே தோல்வி. அடுத்த 55 ஆண்டுகளுக்கு, 2021இல் பேய்லர் பல்கலைக்கழகம் வெல்லும்வரை, டெக்சஸ் மாநிலத்துக்குக் கிடைத்த ஒரே ஆண்கள் தேசியக் கோப்பை இதுதான்.

2006இல் வெளிவந்த 'குளோரி ரோட்' திரைப்படம் இந்தக் கதையைச் சொல்கிறது. படத்தில் ஹாஸ்கின்ஸ் வந்த முதல் ஆண்டிலேயே கோப்பையைத் தூக்கிவிடுகிறார். உண்மையில் அதற்கு ஐந்தாண்டு உழைப்பு தேவைப்பட்டது. வெற்றிக்குப் பிறகு வாழ்த்துக் கடிதங்களோடு வெறுப்புக் கடிதங்களும் மூட்டை மூட்டையாக வந்தன.

கதை அத்தோடு இனிமையாக முடிந்துவிடவும் இல்லை. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட சில நாள்களில், இதே பல்கலைக்கழகத்தின் கறுப்பின ஓட்டப்பந்தய வீரர்கள் சிலர், பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்கு எதிராகப் போட்டியிட மறுத்தனர். அவர்கள் அணியிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் பாப் பீமன். அதே ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் 8.90 மீட்டர் நீளம் தாண்டி உலகை வாய்பிளக்க வைத்தவர். கறுப்பின வீரர்களை வெற்றிக்குப் பயன்படுத்திக்கொண்டு அவர்களை மனிதர்களாக மதிக்கவில்லை என்று அந்த ஆண்டு நாடு முழுவதும் படித்த ஒரு பத்திரிகைத் தொடர் இந்தப் பல்கலைக்கழகத்தைச் சாடியது. கதவைத் திறப்பது வேறு, உள்ளே வந்தவரை உட்கார வைத்துப் பேசுவது வேறு.

சரிவு எங்கே தொடங்கியது?

இப்போது அந்த அரங்கத்துக்குப் போவோம். ஏறக்குறைய 12,000 பேர் அமரலாம். ஹாஸ்கின்ஸின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1980களில் இங்கே இடம் கிடைப்பதே கடினம். 1984 முதல் 1990 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்ற அணி இது. டிம் ஹார்டவே இங்கிருந்துதான் என்.பி.ஏ.வுக்குப் போனார். 1992இல் பட்டம் வெல்லும் என்று எதிர்பார்க்கப்பட்ட கேன்சஸ் அணியைக் கவிழ்த்துக் கடைசிப் பதினாறு அணிகளுக்குள் நுழைந்தார்கள்.

தேசியப் போட்டியில் எல் பாசோ கடைசியாக வென்ற ஆண்டு அதுதான். அதன்பின் 2004, 2005, 2010 ஆகிய மூன்று முறை தகுதி பெற்றது. மூன்றிலும் முதல் ஆட்டத்திலேயே தோல்வி. 2010இல் அவர்களை வீட்டுக்கு அனுப்பியது பட்லர் என்ற இன்னொரு சிறிய பல்கலைக்கழகம். அந்த ஆண்டு இறுதி ஆட்டம்வரை போய், எளியவர்களின் புதிய நாயகனாகக் கொண்டாடப்பட்டது அதே பட்லர். 1999இல் ஹாஸ்கின்ஸ் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 719 வெற்றிகள் இருந்தன. 2008இல் காலமானார்.

ஏன் இந்தச் சரிவு? கண்ணுக்குத் தெரியும் காரணங்கள் சில உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வட்டாரக் கூட்டணிகளாகப் பிரிந்து ஆடுகின்றன. நல்ல கூட்டணியில் இருந்தால்தான் தொலைக்காட்சிப் பணமும் வலுவான எதிரணிகளும் கிடைக்கும். 1999இல் எல் பாசோவின் பழைய கூட்டாளிகள் எட்டுப் பேர் பிரிந்து மவுண்டன் வெஸ்ட் என்ற புதிய கூட்டணி அமைத்தார்கள். எல் பாசோவைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுத்தது பயிற்றுநர்கள். பில்லி கில்லிஸ்பி அணியைத் தூக்கி நிறுத்தி 2004இல் தேசியப் போட்டிக்குக் கொண்டுபோனார். உடனே பெரிய பல்கலைக்கழகம் ஒன்று அழைத்துக்கொண்டது. அவருக்குப் பின் வந்த டாக் சாட்லரும் டோனி பார்பியும் அதே வழியில் போனார்கள். 2021க்குப் பிறகு ஆட்டக்காரர்களும் எளிதாகப் பல்கலைக்கழகம் மாறலாம், தங்கள் பெயரை வைத்துப் பணமும் ஈட்டலாம். உழைத்தவர்களுக்கு நியாயம்தான். ஆனால் வளர்த்துவிட்ட சிறிய அணி வெறுங்கையோடு நிற்கிறது. நம் காற்பந்து ரசிகர்களுக்கும் இந்தக் காட்சி புதிதல்ல.

இவற்றையெல்லாம்விட ஆழமான காரணம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அந்த வெற்றியே அது.

1966இல் எல் பாசோவின் பலம், மற்றவர்கள் மூடி வைத்திருந்த கதவு. பெரிய பல்கலைக்கழகங்கள் நிறத்தைக் காரணம் காட்டி ஒதுக்கிய திறமைசாலிகள் இங்கே வந்தார்கள். அந்த இரவுக்குப் பிறகு மற்றக் கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. கென்டக்கியே 1969இல் முதல் கறுப்பின ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொண்டது. பிராங்ஸ் இளைஞனுக்கு, கேரி இளைஞனுக்கு இப்போது பத்து இடங்களிலிருந்து அழைப்பு வருகிறது. அவன் ஏன் பாலைவனத்துக்கு வரவேண்டும்? எல் பாசோவின் இரண்டாவது பேரியோவில் பிறந்து, ஹாஸ்கின்ஸிடம் ஆடி வளர்ந்த நோலன் ரிச்சர்ட்சன், ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் பயிற்றுநராக 1994இல் தேசியக் கோப்பையை வென்றார். அப்படிப்பட்ட ஒரு தென் மாநிலப் பல்கலைக்கழகம் கறுப்பினப் பயிற்றுநரை நம்பி அணியை ஒப்படைக்கும் நாள் வந்ததில் எல் பாசோவுக்கும் பங்கு உண்டு. அதன் நன்மை மட்டும் வேறு ஊருக்குப் போய்விட்டது.

முன்னால் போய்ப் பாதை போட்டவர், பின்னால் வந்தவர்கள் காரில் கடந்து போவதை ஓரத்தில் நின்று பார்ப்பது போலத்தான் இது. ரசிகர்களுக்கு வலிக்கத்தான் செய்யும். 'அந்தக் காலத்தில்' என்று தொடங்கும் பேச்சு எத்தனை காலத்துக்கு இனிக்கும்? 2024இல் தங்கள் கூட்டணியின் இறுதி ஆட்டம்வரை வந்தார்கள். வென்றிருந்தால் தேசியப் போட்டி. வெஸ்டர்ன் கென்டக்கி பல்கலைக்கழகத்திடம் தோற்றார்கள்.

ஆனால் வளாகத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இன்று இங்கே படிக்கும் மாணவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் ஹிஸ்பானிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அமெரிக்காவின் முதல் தர ஆய்வுப் பல்கலைக்கழகங்களின் பட்டியலிலும் இடம் பிடித்தாயிற்று. மற்றவர்கள் கவனிக்காதவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பழைய பழக்கத்தைக் கூடைப்பந்துத் திடலில் இழந்தாலும் வகுப்பறையில் விடவில்லை. காலைப் பாலத்தில் புத்தகப்பையோடு நிற்கும் அந்த வரிசையே சாட்சி.

போக நினைப்பவர்களுக்கு: கூடைப்பந்துப் பருவம் நவம்பர் தொடங்கி மார்ச் வரை. அப்போது வெயிலும் சாந்தமாக இருக்கும். பகலில் பூட்டான் கூரைகளைப் பாருங்கள். மாலையில் சீனிக் டிரைவ் மலைச்சாலையில் நின்றால் இரண்டு நாட்டு விளக்குகளும் ஒரே விரிப்பாகத் தெரியும். இரவில் ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட் எடுங்கள். காலி இருக்கைகள் கண்ணில் பட்டால் வருந்த வேண்டாம். ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் சுரங்கக் கோடரிபோல் கையை உயர்த்தும்போது நீங்களும் உயர்த்துங்கள்.

1999இல் தங்களை விட்டுவிட்டுப் போன அதே மவுண்டன் வெஸ்ட் கூட்டணியில் 2026 ஜூலை முதல் எல் பாசோவும் உறுப்பினர் என்று 2024இல் அறிவிப்பு வந்தது. இனி மார்ச் மாதம் வரும்போது, தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்ற அணிகளின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று நான் ஒரு கண் வைத்திருப்பேன். நீங்களும் பாருங்களேன்.