தேம்ஸ் நதி மீண்டும் மூச்சுவிட்டது

இலண்டன் மாநகரைக் காணச் செல்வோர் பாராளுமன்ற மாளிகையையும் கோபுரப் பாலத்தையும் கண்டு களித்து மீள்வர். அவற்றைத் தழுவி ஓடும் தேம்ஸ் நதியைத் தொடர்ந்து கிழக்கே செல்வோர் சிலரே. அங்கே வடகரையிற் பெக்டன், தென்கரையிற் குரொஸ்னெஸ் என இரு கழிவுநீர் நிலையங்கள் உள. கண்ணுக்கினிய காட்சி யாதும் அங்கில்லை. எனினும் நதியின் உயிர் அவ்விடங்களிலேயே காக்கப்படுகின்றது.

1858ஆம் ஆண்டுக் கோடையில், நகரின் மலசலம் நதியிற் கலந்தமையால் எழுந்த துர்நாற்றம் பாராளுமன்றத்தையே திணறச் செய்தது. அதன் பின்னரே பொறியியலாளர் ஜோசப் பசல்ஜெற் நிலத்தின்கீழ்ப் பெருங் கால்வாய்களை அமைத்து, கழிவுநீரை மேற்கூறிய ஈரிடங்களுக்கும் கொண்டு சென்றார். கடல்நீர் வற்றும் வேளையில் அது நதியிலே திறந்துவிடப்பட்டது. நகரம் வாந்திபேதியினின்று பிழைத்தது. ஆனால், அழுக்கு ஒழிந்ததன்று. இடம் மாறியதே உண்மை.

அதன் கொடுமையை 1878 செப்டெம்பர் 3ஆம் நாள் உலகம் கண்டது. 'பிறின்சஸ் அலிஸ்' என்னும் உல்லாசக் கப்பல் அப்பகுதியில் மற்றொரு கப்பலுடன் மோதி அமிழ்ந்தது. சற்று முன்னர் திறந்துவிடப்பட்ட கழிவுநீரின் நடுவே தத்தளித்து, அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். பின்னர் மண்டியைப் பிரித்தெடுத்துக் கப்பலேற்றிக் கடலிற் கொட்டலாயினர். நகரமோ மேலும் பெருகியது. 1957ஆம் ஆண்டளவில் நதியின் பல மைல் நீளத்துக்கு மீனினம் நிலைத்து வாழ முடியாத நிலை உண்டாயிற்று.

மீன்கள் மடிவது ஏன்? அழுக்கைத் தின்னும் பற்றீரியாக்கள் நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனை உறிஞ்சிவிடுகின்றன. மீன்கள் மூச்சின்றி இறக்கின்றன. சுத்திகரிப்பு நிலையமோ அதே நுண்ணுயிர்களை நதிக்குப் புறத்தே வேலை வாங்குகின்றது. முதலிற் கம்பித்தட்டுகள் கந்தல்களையும் குப்பைகளையும் தடுக்கின்றன. அடுத்து மணலும் மண்டியும் தொட்டிகளில் அடைகின்றன. எஞ்சிய நீருள் காற்றைச் செலுத்த, நுண்ணுயிர்கள் பெருகிக் கரைந்த அழுக்கை உண்கின்றன. பின் அவை சேறாகப் படிய, மேலே நிற்கும் தெளிந்த நீர் நதியை அடைகின்றது. 1914இல் மன்செஸ்ரர் நகரத்து இரசாயன அறிஞர்களான ஆடேன், லொக்கெற் என்போர் வெளியிட்ட முறை இது. நதி தன் மூச்சைச் செலவிட்டுச் செய்யவேண்டிய வேலையை நிலையம் முன்னரே செய்து முடித்துவிடுகின்றது.

1960களிலும் 1970களிலும் இரு நிலையங்களும் புதுப்பித்து விரிவாக்கப்பட்டன. 1974இல், அவற்றுக்கும் கீழே இருந்த வெஸ்ற் துரொக் மின்நிலையத்தின் நீர்வடியிலே சால்மன் மீனொன்று அகப்பட்டது. நூறாண்டுகளுக்கு மேலாகக் காணாத விருந்தாளி அது!

கடலிற் மண்டி கொட்டுதல் 1998இல் நின்றது. எனினும், பெருமழையின்போது பழைய கால்வாய்கள் நிரம்பி நதியில் வழிவது தொடர்ந்தது. அதனைத் தடுக்கவே நதியின் கீழ் 25 கிலோமீற்றர் நீளச் சுரங்கமொன்று அமைக்கப்பட்டு, 2025இல் முழுமையாக இணைக்கப்பட்டது. அது தேக்கும் நீரும் பெக்டனுக்கே செல்கின்றது.

நம் வாசலைக் கடந்த அழுக்கு நீர் ஒழிந்துவிட்டதென எண்ணுவது மனித இயல்பு. அது மற்றொருவர் வாசலை அடைகின்றது என்பதை உணர இலண்டன் மாநகருக்கு ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது.