உப்பளத்துப் பாசியில் ஒரு புரதப் பேழை

புத்தளத்து உப்பளப் பாத்திகளில் படரும் பாசியை மிதித்தவர் பலர், மதித்தவர் சிலர். அப்பாசியில் வாழும் நீலப்பச்சைப் பற்றீரியாவைக் கற்பிக்குந்தோறும் எனக்கு வியப்பு மேலிடுகிறது. பற்றீரியாவினுள் அறைகளே இல்லை என்று பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. 1956ஆம் ஆண்டில் இலத்திரன் நுணுக்குக்காட்டி அதனுள் நுண்பேழைகளைக் காட்டிற்று. 1973இல் கந்தகப் பற்றீரியாவொன்றிலிருந்து அத்தகைய பேழைகள் பிரித்தெடுக்கப்பட்டு, காபொட்சிசோம் எனப் பெயர் பெற்றன.

இப்பேழைக்குக் கொழுப்புச் சவ்வு இல்லை. சுவர் முழுதும் புரதமே. நீலப்பச்சைப் பற்றீரியா பலவற்றில், றூபிஸ்கோ என்னும் நொதியம் முதலில் திரள்கிறது. பின்னர் அறுகோண, ஐங்கோணப் புரத ஓடுகள் அதனைச் சூழ்ந்து மூடுகின்றன. கொத்தனாரும் இல்லை, மேற்பார்வையாளரும் இல்லை. ஓட்டின் வடிவமே அதன் இடத்தைத் தீர்மானிக்கிறது. உட்புகும் இருகாபனேற்று அங்கே காபனீரொட்சைட்டாக மாறிச் செறிகிறது. ஒட்சிசனோடும் சேர்ந்து வீண்செலவு செய்யும் அந்நொதியம், அச்செறிவினால் தன் தொழிலைச் செவ்வனே ஆற்றுகிறது.

“சேர், இதனை நெற்பயிருக்குள் வைக்கலாகாதா?” என்று வினவினாள் ஒரு மாணவி. ஆய்வாளர் நாடுவதும் அத்தகையதே. 2018இல் புகையிலையின் பச்சையவுருமணியில் எளிய பேழையொன்றை அமைத்துக் காட்டினர். விளைச்சல் பெருகுதல் இனிமேற் காணவேண்டியது. அது கைகூடின், பயிர் இலைத்துளைகளைச் சிறிதே திறந்து நீரைச் சேமிக்கலாம். மழை பொய்த்தாற் குளம் வற்றும் நம் மாவட்டத்துக்கு அவள் கேள்வி சிறியதன்று.