நழுவிய பந்தும் ஒரு நோட்டுக் கட்டும்

பெயர் என்னவோ ஃபுட்பால். ஆனால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டுதான் ஓடுகிறார்கள். பந்தும் உருண்டை இல்லை. நார் உரித்த தேங்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூர். ஆளாளுக்குத் தோளில் திண்டு, தலையில் கம்பி போட்ட ஹெல்மெட். ஐந்து விநாடி முட்டி மோதுகிறார்கள். அப்புறம் அரை நிமிஷம் கூடி நின்று பேசுகிறார்கள். இதுக்கு எங்க பேங்க் யூனியன் மீட்டிங்கே தேவலை என்று தோன்றியது.

டல்லாஸ் பக்கம் பிளேனோவில் மகள் வீடு. ஆறு மாசம் இருந்துவிட்டு வரலாமென்று போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாப்பிள்ளையை டி.வி. முன்னாலிருந்து அசைக்க முடியாது. நான் கொட்டாவி விடுவதைப் பார்த்துவிட்டு, "மாமா, எல்லாரையும் பார்க்காதீங்க. டைட் எண்ட்னு ஒருத்தர் இருப்பார். அவரை மட்டும் பாருங்க, ஆட்டம் பிடிபட்டுடும்" என்றார்.

பார்த்தேன். முன்வரிசையில் ஐந்து மலைகள். எதிரியைத் தள்ளுவதுதான் அவர்கள் வேலை. பாஸ் பிடிக்கிற உத்தியோகம் அவர்களுக்குக் கிடையாது. ஓரத்தில் ஒல்லியாக சிலர். ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பது அவர்கள் வேலை. அந்த மலை வரிசையின் கடைசியில், ஒட்டினாற்போல நிற்கிறாரே, அவர்தான் டைட் எண்ட். அவருக்கு இரண்டு வேலையும் உண்டு. நூற்றிருபது கிலோ தடியனை நெஞ்சால் முட்டித் தடுக்க வேண்டும். அடுத்த ஆட்டத்தில் அதே தடியனுக்கு டிமிக்கி கொடுத்து ஓடி, திரும்பி, பறந்து வரும் பந்தை விரல் நுனியில் ஏந்த வேண்டும். கல்யாண வீட்டில் பந்தியும் பரிமாறி, கச்சேரியில் உட்கார்ந்து வயலினும் வாசிக்கிற கதை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஏனென்றால் பேங்கில் என் உத்தியோகத்துக்கே பெயர் 'கிளார்க்-கம்-கேஷியர்'.

மறுநாள் வேலியோரம் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் என் புது ஞானத்தை அவிழ்த்துவிட்டேன். எழுபது தாண்டியவர், டல்லாஸ் கௌபாய்ஸ் டீமின் பரம பக்தர். டைட் எண்ட் என்றதும் முகம் சுருங்கியது. "ஜாக்கி ஸ்மித்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நம்ம வீட்டில் சொத்தை விற்ற சித்தப்பா பெயரைச் சொல்கிற தொனி.

அன்று ராத்திரி மாப்பிள்ளையிடம் கேட்டேன். கம்ப்யூட்டரில் அந்தப் பெயரைத் தட்டினார். முதலில் வந்ததே அந்த விடியோதான்.

1979 ஜனவரி 21. மயாமி ஆரஞ்ச் பவுல் மைதானம். பதின்மூன்றாவது சூப்பர் பவுல். அதாவது அந்த நாட்டின் ஆகப் பெரிய ஃபைனல். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 21, டல்லாஸ் 14. மூன்றாவது குவார்ட்டர். எல்லைக்கோட்டுக்கு இன்னும் பத்தே கஜம். ரோஜர் ஸ்டாபாக் பந்தை வீசுகிறார். எல்லைக்கு உள்ளே ஜாக்கி ஸ்மித் தன்னந்தனியாக நிற்கிறார். சுற்றிலும் ஈ காக்காய் இல்லை. பிடித்தால் ஸ்கோர் சமம். பந்து கொஞ்சம் தாழ்வாக வருகிறது. குனிகிறார், கால் வழுக்குகிறது, பந்து உடம்பில் பட்டுக் கீழே விழுகிறது. மனிதர் மல்லாந்து விழுந்து, வேதனையில் உடம்பை அப்படியே விறைக்கிறார். ரேடியோவில் வர்ணனை செய்தவர், பாவம், இந்த நாட்டிலேயே அதிகம் நொந்துபோனவர் இவராகத்தான் இருக்கும் என்று பரிதாபப்பட்டாராம். கோடிக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

டச்டவுன் போயிற்று. உதைத்து அடிக்கிற ஃபீல்டு கோல் மட்டும் கிடைத்தது. ஏழு வரவேண்டிய இடத்தில் மூன்று. நாலு பாயின்ட் நஷ்டம். கடைசியில் பிட்ஸ்பர்க் 35, டல்லாஸ் 31. கழித்துப் பாருங்கள். அதே நாலு! பாழாய்ப்போன கணக்கு இவ்வளவு சுத்தமாக டாலி ஆகியிருக்க வேண்டாம். பழி முழுக்க ஒரே தலையில் இறங்கிவிட்டது.

நான் கேஷியர் இல்லையா, லெட்ஜரை முழுக்கப் புரட்டாமல் விடுவேனா? அதற்கப்புறம் ஒரு கால் மணி நேர ஆட்டம் பாக்கி இருந்தது. அதில் அம்பயர் கொடுத்த ஒரு பெனால்ட்டி, இன்றைக்கும் டல்லாஸ்காரர்கள் ஜீரணிக்காதது. பிட்ஸ்பர்க் ஒரு டச்டவுன் போட்டது. உடனே வந்த உதையை எடுத்த ராண்டி வைட், உடைந்த கட்டைவிரலில் கட்டோடு ஆடியவர், பந்தை நழுவவிட்டார். அடுத்த ஆட்டத்திலேயே இன்னொரு டச்டவுன். பத்தொன்பது விநாடிக்குள் பதினாலு பாயின்ட்! இந்த வவுச்சரெல்லாம் எங்கே போச்சு? யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. ஸ்டாபாக்கே, பந்தை நான் இன்னும் நன்றாக வீசியிருக்க வேண்டும் என்று தன் பங்குக்குப் பழியை ஏற்றுக்கொண்டார். ஸ்மித் மட்டும் சாக்கு சொல்லவில்லை. ஆட்டம் முடிந்து நிருபர்கள் மொய்த்தபோது, தனியாகத்தான் நின்றிருந்தேன், விட்டுவிட்டேன் என்றார்.

சரி, யார் இந்த ஸ்மித்? லூயிசியானாவில் கென்ட்வுட் என்கிற சின்ன ஊரில் பள்ளிக்கூடம் படித்தவர். 1963-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் டீம் பத்தாவது சுற்றில் பொறுக்கியெடுத்தது. பத்தாவது சுற்று என்றால் நல்ல கத்தரிக்காயெல்லாம் போனபிறகு கூடையின் அடியில் கிடப்பது. அப்படி வந்தவர் பதினைந்து சீசன் அங்கேயே ஆடினார். ஆரம்ப காலத்தில் பந்தை உதைக்கிற வேலையையும் இவர் தலையிலேயே கட்டினார்கள். 1967-ல் ஒரே சீசனில் 56 கேட்ச், 1,205 கஜம். ஒரு தரம் பிடித்தால் சராசரி இருபத்தோரு கஜத்துக்கு மேல்! சர்வீஸ் முழுக்க 480 கேட்ச், 7,918 கஜம். ஏழு கிலோமீட்டரைத் தாண்டுகிறது ஸார். அதுவும் அடிக்கு ரெண்டு பேர் மேலே வந்து விழ விழ. ஓய்வு பெற்றபோது உலகத்தில் எந்த டைட் எண்டும் அத்தனை கஜம் போனதில்லை.

ஆனால் கார்டினல்ஸ் பிளே ஆஃப் வரை போனதே இரண்டு தடவை, இரண்டிலும் தோல்வி. கழுத்து அடிபட்டு 1977-ஓடு வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த வருஷம் டல்லாஸில் ஒரு டைட் எண்டுக்குக் காயம். 'வர்றீங்களா?' என்று கூப்பிட்டார்கள். முப்பத்தெட்டு வயசு. பதினைந்து வருஷத்தில் எட்டாத ஃபைனல். யார்தான் மாட்டேன் என்பார்? அந்த சீசன் ஆட்டங்களில் பெரும்பாலும் முட்டித் தடுக்கிற வேலைதான். பந்து அவரைத் தேடி வந்தது அபூர்வம்.

அந்த ஆட்டமே அவருடைய கடைசி ஆட்டம்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் ஸ்மித் மட்டும் இல்லை. 1986 தீபாவளிக்கு முந்தின நாள், கவுன்ட்டரில் கூட்டம் நெரிய, ஒரு ஆசாமிக்கு ஐம்பது ரூபாய்க் கட்டு ஒன்றை அதிகமாகக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் ஐயாயிரம் ஷார்ட்டேஜ். ஆசாமி அதற்கப்புறம் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. பணத்தை மாசாமாசம் சம்பளத்தில் பிடித்தார்கள். அது பரவாயில்லை. முப்பத்து நாலு வருஷம், லட்சம் லட்சமாக எண்ணியிருக்கிறேன். மற்ற நாளெல்லாம் டாலி. ரிடையர்மென்ட் விழாவில் பொன்னாடையைப் போர்த்திவிட்டு மேனேஜர் மைக்கில் ஆரம்பித்தது எங்கே தெரியுமா? "நம்ம 'ஐயாயிரம்' சார்..." ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அந்த வருஷம் வாங்காமல் விட்ட பட்டுப்புடவை அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

ஸ்மித்துக்கும் விழா நடந்தது. 1994-ல் ஒஹையோவில் கேன்டன் ஊரில் உள்ள ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தார்கள். டைட் எண்டுகளில் அவர் மூன்றாவது ஆள். முதல் ஆள் மைக் டிட்கா. அந்த டிட்கா 1979-ல் டல்லாஸ் டீமின் உதவிக் கோச்! அந்தப் பந்து விழுந்தபோது அங்கே இருந்தவர்.

அடுத்த நாள் இத்தனையையும் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒப்பித்தேன், 480 உட்பட. பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

"எல்லாம் தெரியும் சார். ஆனா அன்னிக்கு எனக்குக் கல்யாணமாகி நாலு மாசம். ஆத்திரத்துல ஷூவைக் கழட்டி டி.வி. மேல எறிஞ்சேன்."

"டி.வி. போச்சா?"

"இல்லை. குறி தவறிடுச்சு. பக்கத்துல இருந்த மேஜை விளக்குதான் உடைஞ்சது."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "எங்கம்மா சீதனமாக் கொடுத்த விளக்கு!"