நாலாவது தீவுக்கு மறுபடி ஒரு பயணம்

'மங்கி ஐலண்ட்' கம்ப்யூட்டர் கேம் வரிசையில் ரசிகர்களிடம் அதிகம் திட்டு வாங்கியது, 2000-ல் வந்த நான்காம் பாகம். போன வாரம் அதை மறுபடி ஆடி முடித்தேன்.

திட்டுவதில் நியாயம் இருக்கிறது. 1990-ல் வந்த முதல் பாகத்தில் வாள் சண்டையை ஜெயிக்க வேகம் வேண்டாம். எதிரியின் கிண்டலுக்குச் சுடச்சுடப் பதில் சொன்னால் போதும். நான்காம் பாகத்திலோ குரங்குச் சண்டை! எந்தச் சத்தத்துக்குப் பின் எந்தச் சத்தம் என்று எழுதிவைத்து, வாய்ப்பாடு மாதிரி உருப்போட வேண்டும். மவுஸும் கிடையாது, கீபோர்டிலேயே நடக்க வேண்டும்.

ஆனால், கதை இப்போது வேறு மாதிரி தைக்கிறது. கைபிரஷும் எலைனும் தேனிலவு முடிந்து வந்தால், ஆளுநரான எலைன் இறந்துவிட்டதாக அறிவித்து, வீட்டை இடிக்க ஆள் நிற்கிறது. ஒரு பணக்காரர் கடற்கொள்ளையர்களை விரட்டிவிட்டு, தீவுகளைச் சுற்றுலாத் தலமாக்கத் துடிக்கிறார். அவர் தேடும் ஆயுதம், கேட்டவர் மனதையே உடைத்துவிடும் ஒரு வசவு. முதல் பாகத்தில் சிரிக்கவைத்த அதே கிண்டல், இங்கே ஊரைப் பறிக்கும் கருவி. அப்போது காமெடியாகக் கடந்துபோனேன். இப்போது கொள்ளையர் தீவில் பளபளக்கும் காபிக் கடையைப் பார்த்தால் சிரிப்போடு கொஞ்சம் பயமும் வருகிறது.

ஆடிப் பார்க்கிறீர்களா? பேப்பர், பேனாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குரங்குகள் காத்திருக்கின்றன!